மருத்துவருக்குப் பாடம் எடுத்த நோயாளிகள்

1972ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி. அமெரிக்காவின் டல்லஸ் நகரம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மாநாடு நடந்துகொண்டிருந்தது. அரங்கு நிறைய டாக்டர்கள். மேடைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ரப்பர் முகமூடி, தலையில் விக், உடம்புக்குப் பொருந்தாத தொளதொளவென்ற கோட்டு. அவருக்கு முன்னால் இருந்த மைக்கில் குரலை மாற்றிக் காட்டும் கருவி. பெயரைக் கூட "டாக்டர் எச். அனானிமஸ்" என்றுதான் போட்டிருந்தார்கள்.

திருவிழாவில் வேஷம் கட்டியவர் போல வந்த அந்த மனிதர் சொன்னது மிக எளிமையான விஷயம். தான் ஒரு மனநல மருத்துவர், தான் ஒரு தன்பாலீர்ப்பாளர், தன்னைப் போல இந்தச் சங்கத்திலேயே இன்னும் பலர் ஒளிந்து வாழ்கிறார்கள் என்றார்.

அவருடைய உண்மையான பெயர் ஜான் ஃப்ரையர். வயது 34. பிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் வேலை. அந்த வேலையும் நிரந்தரமானது அல்ல. தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததால் ஏற்கெனவே ஒரு இடத்தில் பயிற்சியைப் பாதியில் விட்டு வெளியேற வேண்டி வந்தவர். அதனால்தான் முகமூடி. அந்த முகமூடிக்குப் பின்னால் இருந்தது தான்தான் என்று அவர் பகிரங்கமாக ஒத்துக்கொண்டது 1994ல். நடுவில் 22 வருடங்கள்!

மனசு சரியில்லை என்றால் யாரிடம் போகிறோமோ, அந்த டாக்டர் கூட்டத்துக்கு நடுவிலேயே ஒரு டாக்டர் முகத்தைக் காட்டப் பயப்பட்டார் என்றால், நோயாளியாக அவர்களிடம் போனவர்களின் கதி என்னவாக இருந்திருக்கும்?

பாலினச் சிறுபான்மையினருக்கு உதவும்படி மனநல ஆலோசகர்களுக்கு இன்று பல இடங்களில் பயிற்சி தருகிறார்கள். இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு வேடிக்கையான உண்மை தெரிய வருகிறது. பெரிய பேராசிரியர்கள் யோசித்து இதை மேலிருந்து இறக்கவில்லை. எதிர் நாற்காலியில் "நோயாளி" என்று உட்கார வைக்கப்பட்டவர்கள்தான் டாக்டர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

(ஒரு சொல் விளக்கம்: "ஓரினச்சேர்க்கை" என்ற பழைய சொல் எல்லாவற்றையும் உடலுறவு என்ற ஒற்றைச் செயலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ஒருவருக்கு யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பதுதான் விஷயம் என்பதால் "தன்பாலீர்ப்பு" என்ற சொல் இங்கே பயன்படுத்தப்படுகிறது.)

புத்தகத்தில் எழுதி வைத்த நோய்

1952ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் முதல் நோய்க் கையேட்டை வெளியிட்டது. சுருக்கமாக டி.எஸ்.எம். என்பார்கள். மனநோய்களுக்கு அது ஒரு அகராதி மாதிரி. அதில் தன்பாலீர்ப்பு சமூகத்துக்கு ஒவ்வாத ஆளுமைக் கோளாறுகளின் வரிசையில் இடம்பெற்றது. 1968ல் வந்த இரண்டாம் பதிப்பில் பாலியல் பிறழ்வுகளின் பட்டியலுக்கு மாற்றினார்கள். இடம்தான் மாறியது. நோய் என்ற முத்திரை மாறவில்லை.

முத்திரை குத்திவிட்டால் அடுத்தது வைத்தியம்தானே? ஆண்களின் படத்தைத் திரையில் காட்டி, பார்க்கும்போது மின்சார அதிர்ச்சி கொடுப்பது, வாந்தி வரும் மருந்து கொடுப்பது என்று "வெறுப்பூட்டும் சிகிச்சை" நடந்தது. பல வருடங்கள் மனப்பகுப்பாய்வு செய்து, அம்மா அளவுக்கு மேல் செல்லம் கொடுத்தாரா, அப்பா ஒதுங்கி இருந்தாரா என்று தோண்டுவதும் நடந்தது.

இந்த டாக்டர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பலர் உண்மையிலேயே உதவி செய்வதாகத்தான் நம்பினார்கள். ஆனால் அவர்கள் பார்த்த தன்பாலீர்ப்பாளர்கள் யார்? மன உளைச்சலோடு கிளினிக்குக்கு வந்தவர்கள், சிறையில் இருந்தவர்கள், ராணுவத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள். ஆஸ்பத்திரியில் மட்டுமே ஆட்களைப் பார்த்துவிட்டு ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று முடிவு கட்டுவது மாதிரிதான் இது. நன்றாக வேலைக்குப் போய், சம்பாதித்து, நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்த தன்பாலீர்ப்பாளர்களை யாரும் ஆராய்ச்சி செய்யவே இல்லை.

ஒரு மாணவன் சொன்ன யோசனை

அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1940களில் அவருடைய வகுப்பில் சாம் ஃப்ரம் என்ற மாணவர் இருந்தார். படிப்பு முடிந்த பிறகும் நட்பு தொடர்ந்தது. சாம் தன் நண்பர்களை அறிமுகப்படுத்தினார். பிறகு தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதையும் சொன்னார். எங்களைப் போன்ற ஆட்களை நீங்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டும், எங்களுக்குப் பைத்தியம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும், அதைச் செய்வது உங்கள் கடமை என்று வற்புறுத்தினார்.

ஹூக்கர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பல வருடங்கள் கழித்து 1950களில்தான் அரசின் ஆராய்ச்சி நிதியோடு வேலையைத் தொடங்கினார். தன்பாலீர்ப்பாளர் என்ற சந்தேகத்தின் பேரிலேயே அரசு ஊழியர்கள் வேலையிழந்த காலம் அது.

ஆராய்ச்சி முறை மிக எளிது. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் 30 பேர், எதிர்பால் ஈர்ப்பு கொண்ட ஆண்கள் 30 பேர். வயது, படிப்பு, அறிவுத்திறன் மூன்றும் பொருந்துகிற மாதிரி ஜோடி ஜோடியாகச் சேர்த்தார். யாரும் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் அல்ல. எல்லோருக்கும் மைத்தடச் சோதனை உட்பட அந்தக் காலத்தின் புகழ்பெற்ற மூன்று உளவியல் சோதனைகள் நடத்தினார். பிறகு பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, விடைத்தாள்களை இந்தச் சோதனைகளில் பெரிய நிபுணர்களான புரூனோ க்ளாப்ஃபர், எட்வின் ஷ்னைட்மன், மார்டிமர் மேயர் ஆகியோரிடம் கொடுத்தார். இதில் யார் தன்பாலீர்ப்பாளர், யார் இல்லை என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்றார்.

நிபுணர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அதே அளவுக்குத்தான் சரியாக வந்திருக்கும். இரண்டு குழுவின் மனநலத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. 1956ல் சிகாகோவில் நடந்த மாநாட்டில் ஹூக்கர் இதை வாசித்தார். 1957ல் கட்டுரை அச்சானது.

பரீட்சையில் விடைத்தாளைத் திருத்துகிறவர்தான் பெரியவர் என்று நாம் நினைப்போம். இங்கே தாள் திருத்த வந்தவர்கள்தான் தோற்றுப்போனார்கள்!

மைக்கைப் பிடுங்கியவர்கள்

ஆனால் ஒரு கட்டுரை வந்துவிட்டால் உலகம் மாறிவிடுமா? மாறவில்லை. ஹூக்கரின் கட்டுரை வந்து 11 வருடம் கழித்து வந்த இரண்டாம் பதிப்பிலும் நோய் நோயாகவே இருந்தது என்பதை மேலே பார்த்தோம்.

அடுத்த கட்டப் பாடத்தைத் தெருவில் இறங்கிய மனிதர்கள் எடுத்தார்கள். 1970ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மனநல மருத்துவர் மாநாட்டில் போராட்டக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். வெறுப்பூட்டும் சிகிச்சை பற்றிக் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்த டாக்டரை எழுந்து நின்று எதிர்த்தார்கள். 1971ல் வாஷிங்டன் மாநாட்டில் ஃபிராங்க் காமெனி மைக்கைப் பிடித்துக்கொண்டு, நீங்கள்தான் எங்களுடைய எதிரி என்று முழங்கினார். காமெனி ஒரு வானியலாளர். ராணுவ வரைபடத் துறையில் இருந்தவரை 1957ல் தன்பாலீர்ப்பாளர் என்று வேலையை விட்டுத் தூக்கியிருந்தார்கள்.

இந்தக் கலாட்டாவின் விளைவாகத்தான் 1972 டல்லஸ் மாநாட்டில் ஒரு உரையாடலுக்குச் சங்கம் சம்மதித்தது. மேடையில் காமெனியும் பார்பரா கிட்டிங்ஸ் என்ற பெண் செயற்பாட்டாளரும் இருந்தார்கள். டாக்டர்கள் தரப்பில் பேசவும் ஆள் இருந்தது. தன்பாலீர்ப்பாளராகவும் டாக்டராகவும் இருக்கிற ஒருவர் வேண்டாமா என்ற கேள்வி வந்தது. கிட்டிங்ஸ் பலரைக் கேட்டுப் பார்த்தார். வேலை போய்விடும் என்று ஒவ்வொருவராக மறுத்தார்கள். கடைசியில் சம்மதித்தவர்தான் முகமூடி போட்டு வந்த ஜான் ஃப்ரையர்.

1973 டிசம்பர் 15ஆம் தேதி சங்கத்தின் நிர்வாகக் குழு தன்பாலீர்ப்பைக் கையேட்டின் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்தது. எதிர்ப்பாளர்கள் விடவில்லை. உறுப்பினர்களிடையே ஓட்டெடுப்பு வேண்டும் என்றார்கள். 1974ல் ஓட்டெடுப்பு நடந்தது. நீக்கியது சரி என்று 5,854 பேர், தவறு என்று 3,810 பேர். ஆக, ஓட்டுப் போட்ட டாக்டர்களில் பத்துக்கு நான்கு பேர் அப்போதும் அது நோய் என்றே நம்பினார்கள். அடுத்த நாள் காலை அவர்களும் கிளினிக்கைத் திறந்து நோயாளிகளைப் பார்க்கத்தான் செய்தார்கள்.

அனாமத்துக் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பிழைத் திருத்தம் என்ற பாடம் நினைவிருக்கும். இருப்பாய்வு இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை, தவறு எங்கே என்றும் தெரியவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். மனநல மருத்துவர் சங்கமும் அதைத்தான் செய்தது. பழைய பெயரை எடுத்துவிட்டு, தன் ஈர்ப்பை நினைத்து வருந்துகிறவர்களுக்கு மட்டும் பொருந்தும் என்று புதிதாக ஒரு பெயரை உள்ளே வைத்தது. 1980ல் வந்த மூன்றாம் பதிப்பிலும் வேறு பெயரில் அது இருந்தது. 1987ல்தான் அந்தக் கணக்கை முழுமையாக முடித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து நீக்கியது 1990 மே 17ல்.

வருந்துகிறவர்களுக்கு மட்டும் என்பது நியாயம் போலத்தான் தோன்றும். ஊரே கேலி செய்தால் யாருக்குத்தான் வருத்தம் வராது? கறுப்பாக இருக்கிறாய் என்று சின்ன வயதிலிருந்தே கேலி செய்யப்பட்டு அழும் பெண்ணிடம், உனக்கு நிறக் கோளாறு இருக்கிறது, வா வெளுக்க வைக்கிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? அழுகைக்குக் காரணம் தோல் இல்லையே.

இந்த விஷயத்தை அறிவியலாக நிறுவியவர்களில் முக்கியமானவர் இலான் மேயர். சிறுபான்மை மன அழுத்தம் என்ற அவருடைய கோட்பாடு 1995லும் 2003லும் வெளியான கட்டுரைகள் மூலம் பரவியது. வெளியிலிருந்து வரும் அவமானமும் வன்முறையும் ஒரு சுமை. எந்த நேரம் என்ன நடக்குமோ என்ற எதிர்பார்ப்பு இன்னொரு சுமை. யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டே இருப்பது மூன்றாவது. ஊர் சொல்வதைத் தானும் நம்பித் தன்னையே வெறுப்பது நான்காவது. இத்தனையையும் தினமும் தூக்கிச் சுமக்கிறவருக்குத் தூக்கம் கெடுவதும் மனச்சோர்வு வருவதும் ஆச்சரியமா என்ன?

சிகிச்சையாளர் பயிற்சியின் அஸ்திவாரமே இதுதான் எனலாம். வந்திருப்பவரின் ஈர்ப்பைச் சரி செய்ய முயலாதே, அவர் மேல் ஏற்றி வைத்த சுமையை இறக்க உதவு.

விடை தெரிந்தவரே மறந்த கதை

1982ல் ஆலன் மால்யன் என்ற உளவியலாளர், தன்பாலீர்ப்பை மதித்து ஏற்கும் சிகிச்சை முறை பற்றி எழுதினார். "அஃபர்மேட்டிவ்" என்ற சொல் அங்கிருந்துதான் பரவியது. அமெரிக்க உளவியல் சங்கம் (இது மேலே சொன்ன மருத்துவர் சங்கம் அல்ல, உளவியலாளர்களுடைய சங்கம்) 1975லேயே களங்கத்தைப் போக்க உளவியலாளர்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. ஆனால் அறைக்குள் என்ன செய்ய வேண்டும் என்று 16 வழிகாட்டு நெறிகளை அது வகுத்துக் கொடுத்தது 2000ல்தான். தீர்மானத்துக்கும் நெறிமுறைக்கும் நடுவில் 25 வருடம். திருநங்கை, திருநம்பி கிளையண்ட்டுகளுக்கான நெறிகள் வருவதற்கு 2015 ஆகிவிட்டது.

மனப்பகுப்பாய்வுத் துறை இன்னும் மோசம். தன்பாலீர்ப்பாளர்கள் பயிற்சிக்குச் சேருவதற்கே அங்கே தடை இருந்தது. அமெரிக்க மனப்பகுப்பாய்வுச் சங்கம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது 1991ல். பழைய தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டது 2019ல்.

இதற்கு நடுவில் ஒரு திருப்பம். 1973ல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முன்னின்று உழைத்தவர் ராபர்ட் ஸ்பிட்சர் என்ற மனநல மருத்துவர். அதே ஸ்பிட்சர் 2003ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். சிகிச்சையால் மாறிவிட்டோம் என்று சொன்ன 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலருக்கு மாற்றம் சாத்தியம்தான் என்று எழுதினார். மாற்றுச் சிகிச்சை வியாபாரம் செய்தவர்கள் இதைக் கொடி போலத் தூக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த 200 பேர் சொன்னதைச் சரிபார்க்க எந்த வழியும் இல்லை. 2012ல் ஸ்பிட்சர் தன் ஆய்வின் குறையை ஒப்புக்கொண்டு, அதை நம்பி வாழ்க்கையை வீணாக்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் ஒரு முறை கற்றதை வைத்துக் காலம் தள்ள முடியாது என்பதற்கு ஸ்பிட்சரை விட நல்ல உதாரணம் கிடையாது.

காவலாளியாக நின்ற டாக்டர்

திருநங்கைகள், திருநம்பிகள் கதை கொஞ்சம் வேறு. அவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ வேண்டுமென்றால் மனநல நிபுணரின் கடிதம் தேவைப்பட்டது. அதனால் சிகிச்சையாளர் உதவுகிறவராக இல்லாமல் கதவில் நிற்கும் காவலாளி ஆகிவிட்டார்.

ஹாரி பெஞ்சமின் என்ற டாக்டர் 1966ல் மாற்றுப் பாலினத்தவர் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கிளினிக்குகளில் அதுதான் அளவுகோல். கொஞ்ச நாளில் டாக்டர்களுக்கு ஒரு ஆச்சரியம். வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தில் உள்ளது போலவே பேசினார்கள். விஷயம் ஒன்றுமில்லை, அவர்களும் அதே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள்! வேறு மாதிரி பேசினால் கடிதம் கிடைக்காதே. சாண்டி ஸ்டோன் என்ற திருநங்கை ஆய்வாளர் 1980களின் இறுதியில் எழுதிய கட்டுரையில் இதைப் போட்டு உடைத்தார். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் இடத்தில் சிகிச்சை எப்படி நடக்கும்?

2019ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியல், மாற்றுப் பாலின அடையாளத்தை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தில் வைத்தது. மருத்துவ உதவி கிடைக்க வேண்டும், பைத்தியம் என்ற பெயர் கூடாது என்ற இரண்டையும் காப்பாற்ற அந்த ஏற்பாடு.

நம் ஊர்

இதெல்லாம் அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். டி.எஸ்.எம்.மும் அமெரிக்கப் பாடப் புத்தகங்களும் இங்கேயும்தான் படிக்கப்பட்டன. மின்சாரப் பெட்டியும் கூடவே வந்தது. அமெரிக்கா நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகும், 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் இந்திய மனநல மருத்துவ இதழில் தன்பாலீர்ப்புக்கு வெறுப்பூட்டும் சிகிச்சை கொடுத்த ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

1860ல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வேறு தலைக்கு மேல் தொங்கியது. 2009ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2013ல் உச்ச நீதிமன்றம் திரும்பப் பொருத்தியது. 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றமே பிடுங்கிப் போட்டது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், நோயே அல்லாத ஒன்றைக் குணப்படுத்தப் பார்க்காமல் ஆலோசகர்கள் தங்கள் பார்வையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார். இந்திய மனநல மருத்துவ சங்கமும் அதே வருடம் ஜூலையில் இது நோய் அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது.

அதுவரை இங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தங்களுக்குத் தாங்களே வழி தேடிக்கொண்டார்கள். சென்னையில் 2003ல் தொடங்கிய ஓரினம் போன்ற குழுக்கள், திட்டாமல், மாற்றப் பார்க்காமல் கேட்கக்கூடிய ஆலோசகர்களின் பட்டியலைச் சேர்த்து வைத்தன. நல்ல டியூஷன் மாஸ்டர் யார் என்று சீனியரிடம் விசாரிக்கிற மாதிரி, நல்ல டாக்டர் யார் என்று ஒருவர் சொல்லி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முறையான பயிற்சிக்கான முயற்சிகளும் மெல்ல வந்தன. மும்பையில் மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் 2019ல் தொடங்கிய ஆலோசகர் பயிற்சி வகுப்பில் பாடம் நடத்தியவர்கள் பாலினச் சிறுபான்மைச் சமூகத்திலிருந்தே வந்த மனநல நிபுணர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வகுப்பில் போய் உட்கார்ந்த நீதிபதி

இந்த வரிசையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையான இடம் உண்டு. 2021ல் மதுரையைச் சேர்ந்த, ஒருவரை ஒருவர் நேசித்த இரண்டு பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டுப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள்.

வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. பெண்களையும் பெற்றோரையும் வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் ஆலோசனைக்கு அனுப்பினார். இதுவரை வழக்கமான கதைதான். அடுத்து அவர் செய்தது வழக்கமில்லாதது. எனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை, தீர்ப்பின் வார்த்தைகள் மூளையிலிருந்து வந்தால் போதாது, மனசிலிருந்து வர வேண்டும், ஆகவே எனக்கும் வகுப்பு வேண்டும் என்ற பொருளில் ஏப்ரல் மாத உத்தரவில் எழுதிவிட்டு, அதே உளவியலாளரிடம் தானும் போய் உட்கார்ந்தார். பாலினச் சிறுபான்மையினரோடும் பேசினார். வித்யா தினகரனையும் திருநங்கையான டாக்டர் த்ரினேத்ரா ஹல்தார் கும்மராஜுவையும் தன் குருமார்களாகக் குறிப்பிட்டார்.

2021 ஜூன் 7ஆம் தேதி வந்த உத்தரவு சாதாரணமானது அல்ல. ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவ முறையில் மாற்ற முயல்வதைத் தடை செய்தது. அப்படிச் செய்கிற மருத்துவர்கள் மேல் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. போலீஸ், நீதித்துறை, கல்வி நிறுவனங்கள், சுகாதாரத் துறை என எல்லோருக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி தரச் சொன்னது. வழக்கைத் தொடர்ந்து விசாரித்ததில், 2021 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் இழிவான, அறிவியலுக்குப் புறம்பான தகவல்கள் உள்ள பாடப் புத்தகங்களை அங்கீகரிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2022 ஆகஸ்டில் மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்து மாநில மருத்துவக் கவுன்சில்களுக்குக் கடிதம் எழுதியது. பாலினச் சிறுபான்மையினரைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்களின் தொகுப்பைத் தமிழ்நாடு அரசும் 2022ல் வெளியிட்டது.

அந்த வகுப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு அப்பா, அம்மா, 19 வயதுப் பையன். அப்பாதான் பேசுகிறார். "சார், இவனை எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்க. எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல." பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பயிற்சி இல்லாத ஆலோசகர் அப்பாவுக்குப் பதில் சொல்லத் தொடங்குவார். பயிற்சி பெற்றவர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இங்கே என் கிளையண்ட் யார் என்பது. ஃபீஸ் கட்டுகிறவர் அப்பாதான். ஆனால் ரகசியம் காக்க வேண்டியது பையனுக்கு. அவனைத் தனியாகப் பேச வைக்க வேண்டும். அவன் சொன்னதை அவன் சம்மதமில்லாமல் அப்பாவிடம் போட்டுக் கொடுக்கக் கூடாது.

"எப்போதிருந்து இப்படி? சின்ன வயதில் ஏதாவது நடந்ததா?" என்று காரணம் தேடக் கூடாது. பெண்ணைப் பிடிக்கும் பையனிடம் யாரும் காரணம் கேட்பதில்லையே. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அறிவுரை கூடவே கூடாது. அதில் பாழாவது இரண்டு பேரின் வாழ்க்கை. அதே சமயம் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடு என்று தைரியம் கொடுத்து அனுப்புவதும் தவறு. வீட்டை விட்டுத் துரத்தினால் அவனுக்குப் போக இடம் இருக்கிறதா, படிப்புச் செலவுக்கு என்ன வழி என்று முதலில் பார்க்க வேண்டும்.

வருகிறவர் எந்தப் பெயரில், எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று கேட்பதும் ஒரு பாடம். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அவன், அவள் என்று திணறாமல் "அவர்" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

பெற்றோரையும் வில்லன்களாகப் பார்க்கக் கூடாது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் வந்திருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கும் சொல்லித் தர ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. நான் எல்லோரையும் சமமாகத்தான் பார்க்கிறேன் என்று ஆலோசகர் சொல்வது போதாது. சின்ன வயதிலிருந்து சினிமாவிலும் வகுப்பறையிலும் கேட்டுச் சிரித்த கேலிகள் அவருக்குள்ளும் இருக்கும். அதைத் தன்னிடமே கண்டுபிடிக்க வேண்டும். வந்தவரையே உட்கார வைத்து, திருநங்கை என்றால் என்ன, திருநம்பி என்றால் என்ன என்று பாடம் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. அவர் மணிக்கணக்கில் காசு கொடுத்து வந்திருப்பது உதவி பெறத்தான்.

முடிந்துவிட்டதா?

இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், முன்பு நீக்கப்பட்டிருந்த பழைய சங்கதிகள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. பெண்களின் தன்பாலீர்ப்பை இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் சேர்த்திருந்தார்கள். பாலினச் சிறுபான்மையினரும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, செப்டம்பர் 5ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பின்னர் திருத்திய பாடத்திட்டத்தை வெளியிட்டார்கள்.

ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடையலாம். ஆனால் இந்தத் தடவையும் தவறைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது அந்தச் சமூகம்தான்! ஹூக்கரின் வகுப்பில் சாம் ஃப்ரம், டல்லஸ் மேடையில் ஜான் ஃப்ரையர், சென்னை நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் தன் வேலையையோ வீட்டையோ பணயம் வைத்துத்தான் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார்கள்.

பயிற்சி என்பது இதற்காகத்தான் வேண்டும். சம்பளம் வாங்கி, புத்தகம் படித்து, சான்றிதழ் பெறுகிற ஆலோசகர் முன்கூட்டியே கற்றுக்கொண்டு வந்துவிட்டால், தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த 19 வயதுப் பையன் ஆசிரியராக வேண்டியதில்லை. அவன் வந்த வேலையைப் பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, தன் கதையைச் சொல்லத் தொடங்கலாம்.